லாவெண்டர் கண்ட்ரி: 40 ஆண்டுகள் கழித்துத் திரும்பிய இசைத்தட்டு

1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1,000 பிரதிகள் மட்டுமே அச்சாகி, தன்பாலீர்ப்பாளர் இதழ்களின் கடைசிப் பக்க விளம்பரங்கள் வழியே விற்றுத் தீர்ந்து, பிறகு ஏறக்குறைய எல்லோராலும் மறக்கப்பட்ட 'லாவெண்டர் கண்ட்ரி' என்னும் இசைத்தட்டை, வட கரோலினாவின் 'பாரடைஸ் ஆஃப் பேச்சலர்ஸ்' நிறுவனம் 2014-இல் மறுவெளியீடு செய்தது. தன்பாலீர்ப்பை மறைக்காமல் பாடிய முதல் கண்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த இசை வகை) இசைத்தொகுப்பு என்று பெரும்பாலோர் ஏற்கும் தட்டு இது. எனக்கு வந்து சேர்ந்த பிரதியின் உறை ஒரு மூலையில் மடங்கியிருந்தது. சுங்கவரியோ தட்டின் விலையில் பாதியை நெருங்கியது. அந்த எரிச்சலெல்லாம் முதல் பாடல் முடியும்வரைதான் இருந்தது.

தட்டின் பெயரையே கொண்ட இசைக்குழுவின் தலைவராகப் பெரும்பாலான பாடல்களை எழுதிப் பாடிய பேட்ரிக் ஹேகர்ட்டி, வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் ஏஞ்சலஸ் ஊருக்கு அருகே ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவர். அவர் கண்ட்ரி இசையைத் தேர்ந்தெடுத்தது கேலிக்காகவோ புதுமைக்காகவோ அன்று. மாடு கறந்த வீட்டில் வானொலி பாடிய இசையே அவருக்குத் தாய்மொழிபோல வந்தது. 1959-இல் பள்ளி நிகழ்ச்சிக்காக முகத்தில் மினுமினுப்புப் பூசிக்கொண்டிருந்த சிறுவன், சாணம் படிந்த உடையோடு வந்த தந்தையைக் கண்டு ஒளிந்துகொண்டான். அன்று வீடு திரும்பும் வழியில் அந்தத் தந்தை, யாரோடு வாழ்ந்தாலும் ஒளிந்து வாழாதே, ஒளிந்தால் நீ செய்வது தவறு என்று நீயே நினைப்பதாகிவிடும் என்ற பொருளில் மகனுக்கு அறிவுரை சொன்னாராம். பிற்காலத்தில் ஹேகர்ட்டி பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. எங்கும் இரக்கம் கேட்காத இந்தப் பாடல்களின் குரல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரிப் படிப்புக்குப் பின், தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் 'பீஸ் கோர்' அமைப்பில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்த ஹேகர்ட்டி, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காகவே 1966-இல் அதிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1969-இல் நியூயார்க்கில் காவல்துறைச் சோதனையை எதிர்த்துத் தன்பாலீர்ப்பாளர்கள் கிளர்ந்தெழுந்த ஸ்டோன்வால் எழுச்சிக்குப் பிறகு சியாட்டிலில் இயக்கப் பணிகளில் ஈடுபட்டிருந்தபோது இந்தத் தட்டு உருவானது. இதற்கான பணத்தை ஒரு பெரிய இசை நிறுவனம் அன்று, அந்நகரின் தன்பாலீர்ப்பாளர் சமூக அமைப்பே திரட்டித் தந்தது. விருப்பப்பட்டதைப் பாட அவருக்கு முழு உரிமை கிடைத்ததும் அதனால்தான்.

ஊசியை வைத்ததும் கேட்பது பளபளப்பான ஒலிப்பதிவு அன்று. மைக்கேல் காரின் பியானோ சற்றுத் தள்ளி ஒலிக்கிறது. ஈவ் மோரிஸின் வயலின் சில இடங்களில் சுருதியை உரசிக்கொண்டு போகிறது. ஹேகர்ட்டியின் மூக்கொலி கலந்த குரல் உச்சத்தில் பிசிறடிக்கிறது. தேர்ந்த ஒலிப்பதிவை எதிர்பார்ப்பவர்களுக்கு இது குறையாகவே படும், எனக்கும் ஓரிரு பாடல்களில் அப்படித்தான் பட்டது. ஆனால் 'ஐ காண்ட் ஷேக் தி ஸ்ட்ரேஞ்சர் அவுட் ஆஃப் யூ' என்ற மெதுவான பாடலில், நெருங்கியும் அந்நியனாகவே நிற்கும் காதலனைப் பற்றி அவர் பாடும்போது, அதே பிசிறுதான் பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனிதனின் தனிமையை மட்டும் பாடியிருப்பதால், தட்டில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

'வால்ட்சிங் வில் ட்ரிலஜி' வேறு வகை. தன்பாலீர்ப்பை நோயாகக் கருதி மனநலக் காப்பகங்களில் இழைக்கப்பட்ட கொடுமைகளை, வால்ட்ஸ் நடனத்துக்குரிய மூன்றடித் தாள நடையின் மேல் வைத்துப் பாடுகிறார். இந்தத் தட்டு வெளிவந்த 1973-இன் டிசம்பரில்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது என்பதை நினைத்துக் கேட்டால், கால் தாளம் போடத் தயங்குகிறது. தலைப்பிலேயே கெட்ட வார்த்தை உள்ள இன்னொரு பாடலை ஒலிபரப்பிய சியாட்டில் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தம் உரிமத்தையே இழந்தார். அந்தப் பாடலின் துணிச்சல் பெரிதும் பேசப்படுகிறது. எனக்கோ அதன் நகைச்சுவைதான் பெரிதாகத் தெரிகிறது. தம்மை மார்க்சியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஹேகர்ட்டி, சில இடங்களில் பாட்டை மறந்து மேடைப்பேச்சில் இறங்கிவிடுகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1974-இல் தன்பாலீர்ப்பாளர்கள் தம் அடையாளத்தைக் கொண்டாடும் பெருமித (பிரைடு) விழா சியாட்டிலில் முதன்முறையாக நடந்தபோது அதில் பாடிய இந்தக் குழு, இரண்டு ஆண்டுகளில் கலைந்தது. பிற்காலத்தில் ஹேகர்ட்டி முதியோர் இல்லங்களில் பழைய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார். யூடியூபில் ஏற்றப்பட்ட ஒரு பாடல் தற்செயலாகக் கண்ணில் பட்டதே மறுவெளியீட்டுக்கு வழிவகுத்தது. எழுபது வயதை நெருங்கிய மனிதர் மீண்டும் மேடையேறி ஊர் ஊராகச் சென்று பாடினார். 'பிளாக்பெர்ரி ரோஸ்' என்ற அவரது இரண்டாம் தொகுப்பை டான் ஜியோவானி நிறுவனம் 2022-இல் பரவலாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, 78-ஆம் வயதில், அவர் மறைந்தார். இரண்டாம் தொகுப்பின் ஒலி தெளிவாக உள்ளது என்றாலும், முதலில் வாங்க வேண்டியது பழைய தட்டைத்தான்.

மறுவெளியீட்டுடன் வரும் கையேட்டில் குழுவின் வரலாறும் அக்காலப் புகைப்படங்களும் உள்ளன. பாடல்களை ஒருமுறை கேட்ட பிறகு அதைப் பிரிப்பது நல்லது. நான் முதலிலேயே படித்துவிட்டதால், முதல்முறை கேட்டபோது ஹேகர்ட்டியின் குரலைவிட அவருடைய கதைதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.