சுத்திகரிப்பு நிலையமா, ஊருக்குள் தொட்டிகளா?

மதுரைக் குடிநீர்ப் பணியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக (அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவராக) வர நினைக்கிற தம்பி, தங்கைகள் கேட்பது இதைத்தான்: வைகை அணைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பண்ணைப்பட்டி மாதிரி நிலையம் நல்லதா, நகருக்குள் மேல்நிலைத் தொட்டி, பம்பிங் ஸ்டேஷன் என்று அலைவது நல்லதா?

நிலையத்தில் கருவிகள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும். வேலையில் நிதானம் வேண்டும். குடிநீரில் கலங்கல் 1 என்டியுவுக்குள் (என்டியு என்பது கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வேண்டும். மழை பெய்து செந்தண்ணீர் வரும்போது கலங்கல் மீட்டரின் கண்ணாடியில் படலம் ஒட்டிக்கொள்ளும், அளவு தப்பும். மென்மையான துணியால் துடைத்து, கலங்கல் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல் ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். ஷிஃப்ட் முறை என்பதால் வீட்டுக்குப் போகும் நேரம் தெரியும்.

ஊருக்குள் அப்படி இல்லை. வெயிலில் தொட்டி ஏணி ஏற வேண்டும், இடி விழுந்தால் சென்சார் போகும், எலி கேபிளைக் கடிக்கும். ஆனால் தொழில் கைக்கு வருவது இங்கேதான். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை லூப்பில், அதாவது தொட்டி மட்டத்தைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில், தொடராகப் போட்டுப் பாருங்கள்: தொட்டி காலி என்றால் 4 மில்லிஆம்ப், பாதி என்றால் 12, நிரம்பினால் 20. பூஜ்யம் காட்டினால் தொட்டி காலி இல்லை, பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும் அல்லது பவர் போயிருக்கும். அளவு 4இல் தொடங்குவதில் இந்த வசதி உண்டு. தண்ணீர் இருந்தும், ஒலி அலையால் மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் தப்பாகக் காட்டினால், முதலில் அதன் முகத்தில் வியர்த்திருக்கிறதா பாருங்கள்.

என்னைக் கேட்டால், வயசு இருக்கும்போது முதலில் ஊருக்குள் வேலை பாருங்கள். அப்புறம் நிலையம். உயரம் ஆகாதவர்கள் மட்டும் நேராக நிலையத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.