டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் இன்னொரு டிஸ்க்: ஆறு வருட அனுபவம்

2013 மே மாதம் வாங்கிய லேப்டாப். 15.6 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். இப்போதும் தினமும் இதில்தான் வேலை செய்கிறேன். ரேமை 8 ஜிபி ஆக்கியதைத் தவிர இதில் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான். 2019 நவம்பரில் டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க் ஒன்றைப் போட்டேன். போட்ட மறுநாள் யாருக்கும் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எனக்குத் திருநெல்வேலி. பள்ளிக்கூட வேலை போக, விடுமுறை நாள்களில் குளம் குளமாகப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பேன். என் கேமராவில் ஒரு ரா படம் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக்கோப்பு) ஏறக்குறைய 25 எம்பி. கூந்தன்குளத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால் 400 படங்கள் சேர்ந்துவிடும், அதாவது 10 ஜிபி. 2019-இல் டிஸ்க்கில் மீதி இருந்தது 30 ஜிபிதான். அதோடு விண்டோஸ் எழுந்து நிற்கவே இரண்டரை நிமிடம் ஆகும். வேகமும் வேண்டும், இடமும் வேண்டும், பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியவும் மனம் இல்லை.

டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தில் டிஸ்க்கைப் பொருத்த ஒரு சட்டம் விற்கிறார்கள். கடையில் கேடி என்று கேட்டால் கொடுப்பார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்காரத் தம்பி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், டிவிடி டிரைவைக் கழற்றிக் கையோட கொண்டு வாங்க. மாடல் நம்பரைப் பார்த்து வாங்கினா பாதிப் பேருக்குப் பொருந்தாது." காரணம் தடிமன். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவு உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராது. என்னுடையது 12.7. டிவிடி டிரைவைப் பிடித்திருப்பது அடிப்பக்கம் உள்ள ஒரே ஒரு திருகு. அதை எடுத்துவிட்டு இழுத்தால் டிரைவ் வெளியே வந்துவிடும். முன்பக்க மூடியை மெதுவாக நெம்பிக் கேடியில் மாட்டிக்கொண்டால் லேப்டாப் பழையபடியே இருக்கும். சில கேடிகளின் பின்புறம் குட்டியாக ஒரு சுவிட்ச் இருக்கும். டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் அதை நகர்த்திப் பாருங்கள்.

புதிதாக வாங்கியது 500 ஜிபி குரூஷியல் எம்எக்ஸ்500 எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். அதை ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் போட்டேன், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேடிக்கு மாற்றினேன். மாற்றிப் போட்டும் சோதித்தேன். டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்புக்குச் சாட்டா என்று பெயர். என் லேப்டாப்பில் டிவிடி டிரைவுக்கானது பழைய சாட்டா 2, அதாவது விநாடிக்கு 3 ஜிகாபிட். அங்கே எஸ்எஸ்டி விநாடிக்கு 270 எம்பிதான் படித்தது. பிரதான இடத்தில் 520 வந்தது. உங்கள் லேப்டாப்பில் எப்படி என்று தெரிய, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற வரியைப் பாருங்கள். சாட்டா/300 | சாட்டா/600 என்று இருந்தால், டிஸ்க்குக்குத் திறன் உண்டு, இணைப்புக்கு இல்லை என்று பொருள். உண்மையைச் சொன்னால், 270-க்கும் 520-க்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது. சிறு சிறு கோப்புகளை உடனுக்குடன் எடுத்துக் கொடுப்பதுதான் எஸ்எஸ்டியின் பலம். அது இரண்டு இடத்திலும் கிடைத்தது. ஆனாலும் இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கைக் கேடியில் வைக்காதீர்கள். ஏன் என்று எனக்கு 2021 ஜனவரியில்தான் புரிந்தது.

பொங்கல் விடுமுறை. அந்த நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் கணக்கெடுப்புக்காக விடியலில் போய்விட்டு வந்து, படங்களை ஏற்ற லேப்டாப்பைத் திறந்தேன். பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் செய்தி. எஸ்எஸ்டி போய்விட்டது என்றே நினைத்தேன். நெஞ்சு படபடத்தது. வேறு வழி தெரியாமல் கேடியைக் கழற்றி மறுபடி செருகினேன். விண்டோஸ் வந்துவிட்டது!

விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், கழற்றி மாட்டியது வெறும் படங்கள் இருக்கும் டிஸ்க்கை. பின் எப்படி? இரண்டு நாள் தேடிய பிறகு புரிந்தது. 2019-இல் இரண்டு டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டுதான் விண்டோஸை நிறுவியிருந்தேன். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ பகுதி, அதாவது லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி, ஒன்று இருந்தது. நிறுவும் மென்பொருள் எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல், பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிட்டது. வீடு ஒரு தெருவில், சாவி வேறு தெருவில் என்ற நிலை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கேடி தொடர்பு விட்டுப்போன அன்று சாவியும் போய்விட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இஎஃப்ஐ பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிதாக நிறுவுகிறவர்கள் கேடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது நிறுவுங்கள். நான் அப்படித்தான் மறுபடி முதலிலிருந்து நிறுவினேன்.

சரி, கேடி ஏன் தொடர்பு விட்டது? டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தகவல்களில் அல்ட்ராடிஎம்ஏ சிஆர்சி பிழை என்று ஒரு எண் வரும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போய்வரும் வழியில் சிதைந்தால் அது கூடும். டிஸ்க்கின் உடல்நலத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. எனக்கு அது 1,400-ஐத் தாண்டியிருந்தது. பழுதானதால் டிஸ்க் ஒதுக்கிவிட்ட இடங்களைக் காட்டும் ரீஅலொகேட்டட் செக்டார் எண் பூஜ்யம். அதாவது டிஸ்க் நன்றாக இருக்கிறது, குறை கேடியின் இணைப்பில். இணையத்தில் மலிவாகக் கிடைத்த பிளாஸ்டிக் கேடி அது. டிஸ்க் உள்ளே லேசாக ஆடும், பேருந்துப் பயணத்தில் குலுங்கக் குலுங்கத் தொடர்பு தளர்ந்திருக்கிறது. அலுமினியச் சட்டமும் நான்கு பக்கத் திருகும் உள்ள கேடி ஒன்றை வாங்கி மாற்றினேன். அந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது, எனவே மேலும் ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாற்றிய நாளிலிருந்து ஒன்றுகூட ஏறவில்லை. பல ஆயிரம் ரூபாய்க்கு எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள் கேடியில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கவே கூடாது.

அன்றாடப் பயன்பாடு பற்றிக் கொஞ்சம். பூட் ஆக 25 விநாடி. படங்களைத் திருத்த டார்க்டேபிள் பயன்படுத்துகிறேன். அதன் தரவுத்தளமும் சிறுபடங்களும் எஸ்எஸ்டியில், ரா கோப்புகள் ஹார்டு டிஸ்க்கில். இந்தப் பிரிப்புதான் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம். ஆயிரம் படங்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கும்போது தடங்கலே இல்லை. ஒரு படத்தைத் திருத்தத் திறக்கும்போதுதான் ஹார்டு டிஸ்க்கைத் தொடுகிறது, ஒரு விநாடி காத்தால் போதும்.

தொல்லைகளும் உண்டு. பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஹார்டு டிஸ்க் சுழற்சியை நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு கோப்புறையைத் திறந்தால் அது சுழல ஆரம்பிக்க நான்கைந்து விநாடி ஆகும். முதல் சில நாள் லேப்டாப் உறைந்துவிட்டதோ என்று தோன்றும். கேடி இருக்கும் பக்கம் காற்றோட்டம் கிடையாது. இங்கத்திய மே மாத வெயிலில் டிஸ்க் 50 டிகிரியைத் தொடும். பெரும்பாலான லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் 60 வரை தாங்கும் என்றாலும், அந்த மாதங்களில் நீண்ட வேலையை இரவுக்குத் தள்ளிவிடுவேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் முழுதாக நிறுத்திவிடுவேன். சுழலும் டிஸ்க் அதிர்ச்சியைத் தாங்காது, கேடியில் அதற்கு மெத்தை எதுவும் இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இந்தப் பழைய ஐ5-ஐ விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறினேன், அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. எஸ்எஸ்டியைத் துடைத்துவிட்டு நிறுவினேன், கேடியை முன்பே வெளியே எடுத்து வைத்திருந்ததால் படங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டாப் (fstab) கோப்பில் இரண்டாவது டிஸ்க்கைச் சேர்க்கிறவர்கள் நோஃபெயில் (nofail) என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது கேடி இல்லாமல் இயக்கும்போது, லினக்ஸ் அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டுப் பழுதுபார்க்கும் நிலைக்குப் போய் நின்றுவிடும்.

எஸ்எஸ்டியில் இதுவரை எழுதியது 23 டிபி. மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று நிறுவனம் சொல்லும் அளவு 180 டிபி, அந்தக் கவலை இல்லை. ஹார்டு டிஸ்க் பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டது, அதன்மேல்தான் கண். இரண்டு டிஸ்க் இருந்தாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் மாதக் கடைசி ஞாயிறு அன்று படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, தங்கை வீட்டில் கொடுத்து வைக்கிறேன்.

கழற்றிய டிவிடி டிரைவை வீணாக்கவில்லை. யுஎஸ்பி இணைப்புள்ள உறை ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம்கூட எதிர்வீட்டு அக்கா தன் கல்யாண டிவிடியைக் கொண்டுவந்தார், அவர்கள் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. உறையில் தட்டைத் திறந்து டிவிடியை வைத்தேன். இரண்டு இடத்தில் திக்கினாலும் முழுதும் படித்து முடித்தது, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.