ஃப்ளூ ஊசியா, வந்த பிறகு மாத்திரையா? பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். என் மகளுக்கு அப்போது 10 வயது. ஆவணியிலேயே ஃப்ளூ ஊசி போட்டிருந்தோம். அண்ணன் மகனுக்கு 7 வயது, போடவில்லை. அண்ணனும் அண்ணியும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். பையன் பாலக்கோட்டில் எங்களோடு இருந்து, பாட்டி கையில் வளர்கிறான்.

மகள் இரண்டு நாள் 101 டிகிரியில் சுருண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து தயிர்சோறு கேட்டாள். பையனுக்கு ஐந்து நாள் காய்ச்சல் 103-லேயே நின்றது, காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் ஒரு மணி நேரம் தணியும், மறுபடி ஏறும். ஆறாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. அப்பாடா என்று இருந்தோம். கட்டிலை விட்டு இறங்கியவன் நுனிக்காலில் இரண்டு எட்டு வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அத்தை, காலை ஊன முடியல." கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினான். தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்கு இல்லை, ஃப்ளூ பி வகை என்று சோதனையில் தெரிந்தது. ஃப்ளூ விடுகிற நேரத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு, கெண்டைக்கால் தசை இப்படிப் பாதிக்கப்படுவது உண்டு, சில நாளில் தானாகச் சரியாகும், ஆனால் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உடனே கூட்டி வாருங்கள் என்றார் குழந்தை டாக்டர். நான்காம் நாள் நடந்துவிட்டான்.

இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து ஊசியின் பலத்தை அளக்க முடியாது. மகளுக்குச் சோதனைகூடச் செய்யவில்லை. ஆனால் அண்ணன் போனில் கேட்டதைத்தான் இங்கே எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள்: "ஊசி போட்டும் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்புறம் எதுக்கும்மா அவ்வளவு காசு?"

காய்ச்சல் வருமா வராதா என்று மட்டும் பார்த்தால் அண்ணன் கேட்பது நியாயமாகத்தான் தெரியும். தட்டம்மை ஊசி இரண்டு தவணை போட்டால் நூற்றுக்கு 97 பேர் தப்பிக்கிறார்கள். ஃப்ளூ ஊசி அப்படியில்லை. ஊசியிலுள்ள வகையும் ஊரில் சுற்றும் வகையும் நன்றாகப் பொருந்திய ஆண்டிலேயே, மருத்துவரிடம் போக வைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். பொருந்தாத ஆண்டில் அதற்கும் கீழே. இந்தக் கிருமி உருவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று புதிதாகச் சொல்கிறது.

வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்று பார்த்தால் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2010 முதல் 2012 வரை குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், முழுத் தவணையும் போட்ட பிள்ளைகள் ஃப்ளூவால் அந்தப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 74 சதவீதம் குறைந்திருந்தது. 2010 முதல் 2014 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான பிள்ளைகளிடம் ஃப்ளூ மரணத்தை ஊசி 65 சதவீதம் குறைத்தது. ஆஸ்துமா, இதய நோய் போன்றவை உள்ள பிள்ளைகளிடம் 51 சதவீதம். அதாவது காய்ச்சலைத் தடுப்பதில் சுமாரான ஊசி, காய்ச்சல் முற்றிப்போவதைத் தடுப்பதில் கெட்டிக்கார ஊசி. மகளுக்குக் காய்ச்சல் வந்ததால் பணம் வீண் என்று அதனால்தான் நான் நினைக்கவில்லை.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். வந்த பிறகு மாத்திரை கொடுத்துக்கொள்ளலாமே என்பது பலருடைய எண்ணம். ஓசல்டாமிவிர் என்ற அந்த மருந்து நல்ல மருந்துதான், ஐந்து நாள், நாளைக்கு இரண்டு வேளை. ஆனால் அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அப்படித் தொடங்கினாலும் காய்ச்சல் நாட்களில் ஏறக்குறைய ஒரு நாளைத்தான் குறைக்கும். நிலைமை மோசமான பிள்ளைக்கு அந்த நேரம் தாண்டியும் டாக்டர்கள் கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும். லேசான காய்ச்சலுக்கு இது வேண்டாம் என்பது அரசு வழிகாட்டுதல். சில பிள்ளைகளுக்கு வாந்தி வரும்.

எங்கள் பக்கத்தில் அந்த 48 மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். பையனுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போதே உடம்பு சுட்டது. சனிக்கிழமை மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய காய்ச்சல் மாத்திரை, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். ஃப்ளூ வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, அது எனக்கும் அன்று தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்று பார்த்துக்கொண்டு நாளைக்குப் போகலாம் என்றோம். திங்கட்கிழமை பக்கத்து டாக்டர். மெயின் ரோட்டுக்கு அருகிலுள்ள எங்களுக்கே இப்படி. பென்னாகரம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் வீட்டுக்கோ, அஞ்செட்டி பக்கம் உள்ள வீட்டுக்கோ பஸ் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதனால் மாத்திரையை ஊசிக்குப் போட்டியாக நான் வைப்பதில்லை. அது பின்னால் நிற்கும் துணை.

நிலவேம்புக் குடிநீர் குடித்தாலே போதும் என்பவர்களும் உண்டு. அம்மா இப்போதும் காய்ச்சிக் கொடுக்கிறாள், நான் தடுப்பதில்லை. ஆனால் அதை நம்பி ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அடிக்கடி கஞ்சி, தண்ணீர், எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. ஃப்ளூ காய்ச்சலில் அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோயைக் கொண்டு வரலாம்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகையும் இருக்கிறது. பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி அது. இங்கிலாந்தில் பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். ஊசி வலி இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆகாது. 2016 முதல் இரண்டு பருவத்துக்கு அமெரிக்காவே அதைப் பரிந்துரைக்காமல் நிறுத்தி வைத்தது, ஹெச்1என்1 என்ற ஃப்ளூ வகையிடம் அது தோற்றதால். நம் பக்கத்துக் குழந்தை டாக்டர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் ஊசிதான் என்பதால் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது. கை வலியும் ஒரு நாள் உடம்பு கதகதப்பும் இருக்கலாம்.

தடுப்பூசி அட்டையில் 'ஹிப்' என்று பார்த்துவிட்டு ஃப்ளூ ஊசி ஏற்கனவே போட்டாயிற்று என்று சில அம்மாக்கள் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். அது ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் வரும், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி என்ற பாக்டீரியாவுக்கானது. ஃப்ளூவின் முழுப் பெயரும் இன்ஃப்ளூயன்ஸாதான், ஆனால் ஒற்றுமை பெயரில் மட்டும், நோய் வேறு. ஃப்ளூ ஊசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை. தனியாரிடம் ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தினக்கூலியில் ஓடும் வீட்டுக்கு அது விளையாட்டுக் காசு இல்லை, ஊசியின் உண்மையான குறை என்று நான் நினைப்பதும் இதைத்தான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாருக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. அதற்கு மேல் ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், சர்க்கரை என்று ஏதாவது உள்ள பிள்ளைகளுக்கு. ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இந்த வரிசைப்படி போங்கள்: முதலில் வீசிங் உள்ள பிள்ளை, அடுத்து 6 மாதம் தாண்டிய கைக்குழந்தை.

ஆனால் நம் மாவட்டத்தில் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார், பாட்டி. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனை பிள்ளைகள், பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியின் போர்வைக்குள் தூங்குகிறார்கள்! ஜப்பானில் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டு வந்தார்கள், 1994-ல் அந்தத் திட்டம் நின்றது. திட்டம் ஓடிய காலத்தில் அது ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரையிலான மரணங்களைத் தடுத்தது என்று 2001-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பிழைத்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். ஊசி போட்டுக்கொண்டதோ பிள்ளைகள். அண்ணனிடம் இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. அவளுக்கும் இந்த முறை போடப் போகிறோம்.

போடுவதானால் எப்போது? வடக்கே மழைக்காலத்தில் ஃப்ளூ ஏறும். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில்தான் உச்சம் என்று கண்டிருக்கிறார்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். எனவே ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் சரியான நேரம். 9 வயதுக்குக் குறைந்த பிள்ளை முதல் தடவை போடுகிறது என்றால் நான்கு வாரம் விட்டு இரண்டு தவணை வேண்டும். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. டவுனில் மருந்தை வாங்கிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து போட்டுக்கொள்ளாதீர்கள். பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது, காலாவதி எப்போது என்று முதலில் படித்துவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஊசி போட்ட பிள்ளையானாலும் மூச்சு வேகமாக வாங்குவது, விலாப்பக்கம் உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

அண்ணன் மகனுக்கு இப்போது 8 வயது, இதுவரை ஒரு தவணைகூடப் போட்டதில்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அண்ணன் ஊருக்கு வருகிறான். அன்று முதல் தவணை. நான்கு வாரம் தள்ளி வரும் ஞாயிற்றுக்கிழமையை அம்மா காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுவிட்டாள்.