கீபோர்ட் வேலை செய்யல்லயெண்டு கடைக்கு ஓடுற ஆக்கள் வாசிங்க: எனக்கு 17,500 ரூபா போச்சு

மூணாந்தரமா அந்தக் கடைக்குப் போய்ட்டு இப்பதான் கல்லடிக்கு வந்து இறங்கினன். கை இன்னும் நடுங்குது. எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க. ஆறினப் பிறகு எழுதினா பாதியை விட்டிருவன். கடைப் பேர் போடல்ல. மட்டக்களப்பு டவுனுக்க லெப்டொப், போன் திருத்துற கடை ஒண்டு எண்டு மட்டும் வைங்க. போனது 17,500 ரூபா.

நான் வீட்டில இருந்து தமிழ் டைப்பிங் செய்யிறன். ரியூசன் சேர்மார்ட வினாத்தாள், கோயில் நோட்டீஸ், காணிக் கடிதம், எல்லாம் பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில. ஒரு பக்கத்துக்கு 80 ரூபா. போன மாசம் ஓ.எல். மாதிரி வினாத்தாள் ஒண்டு அரைவாசியில கிடக்கக்குள்ள கீபோர்ட் நிண்டுட்டு. ஒரேயடியாச் சாகவுமில்ல. வழமை மாதிரி டக்டக்கெண்டு அடிச்சா ஒண்டும் விழாது. ஒரு கீயை அமத்திப் பிடிச்சா மட்டும் ஒரு எழுத்து வரும். ரெண்டு தரம் ஓஃப் பண்ணிப் போட்டும் அதே கதை. பக்கத்து வீட்டில யூஎஸ்பி கீபோர்ட் ஒண்டு இரவல் வாங்கிக் குத்திப் பாத்தன். அதுவும் அதே மாதிரித்தான் வேலை செஞ்சிச்சு. இந்தக் கடைசி விசயத்தை மறந்திராதீங்க.

அடுத்த நாள் காலமை பாலம் தாண்டிக் கடைக்குப் போனன். கடை முதலாளி கதிரை போட்டு, "இருங்க தங்கச்சி" எண்டு பிளேன்டீ எடுப்பிச்சுத் தந்தார். எங்க இருக்கிறீங்க எண்டு கேட்டார். கல்லடி எண்டன். "கடற்காத்து, தங்கச்சி. உப்பு உள்ளுக்குப் போய் எல்லாத்தையும் அரிச்சிரும்" எண்டார். அந்த இடத்திலதான் நான் விழுந்தன். ஏனெண்டா எங்கட வீட்டு ஜன்னல் கம்பி அப்பிடித்தான் உக்கிப்போய்க் கிடக்கு, கேற்றுப் பூட்டை வருசத்துக்கொருக்கா மாத்துறம். நம்மட வீட்டில கண்ணால காணுற ஒண்டைச் சொல்றவரை எப்பிடி நம்பாம விடுறது?

யூஎஸ்பி கீபோர்ட்டும் வேலை செய்யல்ல எண்டு நானே வாயைத் திறந்து சொன்னன். அவர் முகத்தைச் சுருக்கி, "அப்பிடியெண்டா மதர்போர்ட் வரைக்கும் போகப் பாக்குது, இப்பவே மாத்தாட்டி லெப்டொப்பே மிஞ்சாது" எண்டார். பின்னேரம் போகக்குள்ள பச்சை பூத்த ரிப்பன் கேபிளோட கீபோர்ட் ஒண்டைத் தூக்கிக் காட்டி, "உங்கடதுக்குள்ள இப்பிடித்தான் கிடந்திச்சு" எண்டார். அது ஆர்ட கீபோர்ட் எண்டு நான் கேக்கல்ல. 17,500 ரூபாயை எண்ணிக் குடுத்தன். பில் கேட்டன். புத்தகம் முடிஞ்சு போச்சு, நாளைக்கு வாங்க எண்டார். கழட்டின பழசைக் கேட்டன். கம்பனிக்கு அனுப்பிறதாம். சரியெண்டு வந்துட்டன். லெப்டொப் நல்லா வேலை செஞ்சிச்சு, கீயெல்லாம் பளபளவெண்டு இருந்திச்சு.

முந்தாநாள் ராத்திரி ஒரு சொல்லை யோசிச்சுக்கொண்டு வலப்பக்க ஷிஃப்ட் கீயில விரலை வைச்சபடி இருந்திட்டன். பீப் எண்டு ஒரு சத்தம், ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்டிச்சு. வாசிக்காம என்டரைத் தட்டினன். அவ்வளவுதான், திரும்பவும் பழைய வருத்தம். அப்பதான் ஞாபகம் வந்திச்சு, போன மாசமும் இதே பெட்டி வந்தது. வந்தாறுமூலையில படிக்கிற மாமிட மகனுக்கு கோல் எடுத்தன். முழுக்கச் சொல்லி முடிக்கவும் விடல்ல. "மச்சாள், வலப்பக்க ஷிஃப்ட்ட எட்டு செக்கன் அமத்திப் பிடிங்க" எண்டான். பிடிச்சன். சரியாப் போச்சு.

விண்டோஸில ஃபில்டர் கீஸ் எண்டு ஒரு வசதி இருக்கு. கை நடுங்குற ஆக்களுக்காகச் செஞ்சது. கை தவறிப் பட்டுப் போற தட்டலை விட்டுப்போட்டு, அமத்திப் பிடிச்சதை மட்டும் எடுக்கும். அது கீபோர்ட்டில இல்ல, விண்டோஸுக்குள்ள இருக்கிறதால எந்தக் கீபோர்ட்டைக் குத்தினாலும் ஒரே மாதிரித்தான் நடக்கும். நான் யூஎஸ்பி கதையைச் சொன்ன நேரமே அந்த மனிசனுக்கு விளங்கியிருக்கும். பிழை கீபோர்ட்டில இல்ல எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி. அதையே எடுத்து என்னைப் பயப்படுத்தினார்.

பிறகு கீயளை வடிவாப் பாத்தன். பாமினியில குத்து விழுற கீயில எழுத்துத் தேஞ்சு போனதால முந்தி சிவப்பு நெயில் பொலிஷ் பொட்டு ஒண்டு வைச்சிருந்தன். மேல துடைச்சிருக்கு. ஓரத்து இடுக்கில சிவப்பு அப்பிடியே கிடக்கு. புதுக் கீபோர்ட்டாம்! என்ட பழசைத் துடைச்சுத் தந்துபோட்டு 17,500 ரூபா.

நேற்று வெள்ளெனப் போனன். முதலாளி கொழும்புக்குப் போயிட்டார் எண்டு கடைப் பொடியன் சொன்னான். பின்னேரம் போனன். உள்ளுக்கதான் இருந்தார். போனைக் காதில வைச்சுக்கொண்டு கையைக் காட்டினார், முக்கால் மணித்தியாலம் நிண்டன். பிளேன்டீயுமில்ல கதிரையுமில்ல. கடைசியில, "வாரண்டி ஒரு கிழமைதான்" எண்டார். வாரண்டி கேக்கல்ல, மாத்தாத கீபோர்ட்டுக்கு எடுத்த காசைக் கேக்கிறன் எண்டன். நாளைக்கு வாங்க, பாப்பம் எண்டார். இண்டைக்குச் சிவப்புப் பொட்டைக் காட்டினன். "அது நீங்க வீட்டில போய்ப் பூசினதா இருக்கும். நீங்க என்ன கொம்பியூட்டர் படிச்ச ஆளா?" எண்டு நாலு பேருக்கு முன்னால கேட்டார். போன மாசம் தங்கச்சி, இண்டைக்கு நான் பொய்க்காரி. 17,500 ரூபா எண்டா நான் 219 பக்கம் அடிக்கவேணும்.

என்ன பாக்கவேணும் எண்டு விவரமா எழுதத்தான் தொடங்கினன், மனம் ஓடுதில்ல. இதை மட்டும் செய்யுங்க. வேற கீபோர்ட் ஒண்டைக் குத்திப் பாருங்க. அதுவும் அதே மாதிரி மக்கர் பண்ணினா கீபோர்ட் மாத்தக் காசு குடுக்காதீங்க, முதல்ல செட்டிங்ஸில அக்செசிபிலிட்டிக்குள்ள கீபோர்ட் எண்ட இடத்தில ஃபில்டர் கீஸ் ஓனில கிடக்கா பாருங்க. விண்டோஸ் தொடங்க முந்தி திறக்கிற பயாஸ் (BIOS) செட்டிங்ஸ் திரையில கீ ஒழுங்கா வேலை செஞ்சாலும் பிழை கீபோர்ட்டில இல்ல. தேத்தண்ணி ஊத்துப்பட்டா அது வேற, உடனே ஓஃப் பண்ணுங்க. குடுக்க முந்தி கீபோர்ட்டைப் போட்டோ எடுங்க. கழட்டின சாமானைக் கையோட வாங்குங்க. பில் இல்லாமக் காசு குடுக்காதீங்க.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு கோல் எடுக்கலாம். எழுத்தில முறைப்பாடு குடுக்க நான் திங்கக்கிழமை போறன். என்னட்ட பில் இல்ல. ஆனா போன மாசம் அவர் அனுப்பின வொய்ஸ் மெசேஜ் இன்னும் போனில கிடக்கு: "தங்கச்சி, புதுக் கீபோர்ட் போட்டாச்சு, 17,500 ரூபா, கொண்டு வாங்க." அதை அழிக்கல்ல.