பெல்லட்டா, ஸ்லக்கா: துல்லியத்தை எப்படிச் சோதிப்பது?

ஏர் ரைஃபிளில், அதாவது அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கியில், போடும் ஈயக் குண்டு இரண்டு வகை: பெல்லட், ஸ்லக். அதை வைத்திருக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் எது நல்லது என்ற பேச்சு வராமல் போகாது. "ஸ்லக் போட்டுப் பழகினப்புறம் பெல்லட்டைத் தொடவே மனசு வரல" என்பார் ஒருவர். "ஒரு டப்பா ஸ்லக் வாங்கினது தண்டம், அஞ்சு குண்டும் அஞ்சு திசையில போகுது" என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு பேரல் (துப்பாக்கிக் குழல்), அவ்வளவுதான்.

முதலில் இரண்டையும் கண்ணாடி மேல் வைத்து விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஸ்லக் ஒரு சின்ன உருளை, நேராக உருண்டு போய்விடும். பெல்லட் வளைந்து, வட்டமடித்துத் திரும்பும். அதன் தலையைவிடப் பாவாடைப் பகுதி கொஞ்சம் அகலம், இடை ஒடுக்கம். சண்டையின் முக்கால்வாசி அந்த வளைவிலேயே இருக்கிறது.

பெல்லட்டின் பின்பக்கம் குழி. காற்று அந்தக் குழிக்குள் புகுந்து மெல்லிய பாவாடையை விரித்து பேரலின் உள்ளே திருகாகச் செதுக்கிய புரிகளோடு ஒட்ட வைக்கிறது. தலையும் பாவாடையும் மட்டும் உரசுவதால் உராய்வு குறைவு. வெளியே வந்த பிறகு அது இறகுப்பந்து மாதிரி நடந்துகொள்கிறது: எடை முன்னால், காற்றின் இழுப்பு பின்னால். மூக்கு கொஞ்சம் திரும்பினாலும் பாவாடை அதை இழுத்து நேராக்கிவிடும். புரி தரும் சுழற்சி கூடுதல் உதவி. அதனால் பெல்லட் மன்னிக்கும் குணம் உள்ளது. சுமாரான பேரலிலும் சமாளித்துவிடும்.

ஸ்லக்குக்கு அந்த வசதி இல்லை. அது பம்பரம். சுழற்சி போதுமான அளவு இருந்தால் மூக்கு அசையாமல் தூங்கும், குறைந்தால் தள்ளாடும். குண்டு நீளமாக ஆக, அதை நிலைநிறுத்த இன்னும் வேகமான புரி (குறைந்த நீளத்திலேயே ஒரு சுற்று முடிவது) வேண்டும் என்பதை 1879-இல் ஆங்கிலக் கணித அறிஞர் கிரீன்ஹில் ஒரு எளிய சூத்திரமாகவே சொல்லிவிட்டார். பெல்லட்டுக்கென்று செய்த பேரல்களில் 16 முதல் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் வழக்கம். குட்டையான, எடை குறைந்த ஸ்லக் அதில் ஓடிவிடலாம். நீளமானதைப் போட்டுவிட்டு "ஸ்லக்கே சரியில்லை" என்று தீர்ப்பு எழுதுவது, கயிறே சுற்றாமல் பம்பரத்தைக் குறை சொல்வது போல. ஸ்லக்குக்கென்றே வேகப் புரியோடு வரும் பேரல்கள் இருப்பது இதனால்தான்.

சரி, இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் ஸ்லக் பின்னால் ஓடுகிறார்கள்? பக்கவாட்டில் வீசும் காற்றுக்காக. பெல்லட்டை நேராக்கும் அதே இழுப்புதான் அதன் வேகத்தையும் தின்கிறது. 0.22 அங்குல அளவில் பெல்லட்டின் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் (இழுப்பை மீறி வேகத்தைக் காக்கும் திறனைச் சொல்லும் எண்) பெரும்பாலும் 0.02 முதல் 0.04 வரை. ஸ்லக்குகள் 0.05-இல் தொடங்கி 0.1 பக்கம் வரை போகின்றன.

இந்த எண் தாளில் எப்படித் தெரியும் என்பதைப் பார்க்க ஒரு கணக்கு. குண்டு பக்கக் காற்றில் எவ்வளவு விலகும் என்பது அது எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. இழுப்பே இல்லாத வெற்றிடத்தில் ஆகும் நேரத்தைவிட எத்தனை விநாடி அதிகமோ, அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல். மாதிரிக்கு, விநாடிக்கு 270 மீட்டரில் கிளம்பும் பெல்லட் 100 மீட்டரைக் கடக்க 0.44 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் 0.37 ஆகியிருக்கும். தாமதம் 0.07. பக்கக் காற்று விநாடிக்கு 3 மீட்டர் என்றால் விலகல் 21 செ.மீ. அதே காற்றில் 280 மீட்டர் வேகத்தில் கிளம்பும் ஸ்லக் 0.39 விநாடியில் போய்ச் சேர்ந்தால் தாமதம் 0.03-க்குக் கொஞ்சம் மேல், விலகல் ஏறக்குறைய 10 செ.மீ.

பாதிக்குப் பாதி! ஸ்லக் ஆட்கள் கண்கள் மின்னப் பேசுவது இதைத்தான். ஆனால் தூரம் பாதியானால் இந்த விலகல் பாதியாவதில்லை, ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். 50 மீட்டரில் 5 செ.மீ.க்கு இரண்டரை. 25 மீட்டரில் இரண்டுக்கும் நடுவே ஒரு செ.மீ. கூட வித்தியாசம் வராது. அந்தத் தூரத்தில் ஸ்லக்குக்காக பேரல் மாற்றுவதெல்லாம் ஆசைக்குச் செய்வது. தாளில் ஒன்றும் தெரியாது. 10 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ. அங்கே சுடுவது 4.5 மி.மீ. தட்டைத்தலை பெல்லட். காகிதத்தில் பஞ்ச் வைத்த மாதிரி சுத்தமான ஓட்டை விழும். ஸ்லக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஸ்லக்கின் குரூப் (தாளில் ஓட்டைகள் சிதறும் அகலம்) தன்னளவில் சின்னது என்று கணக்கு எங்கேயும் சொல்லவில்லை. காற்று அசையாத உள்ளரங்கில் நல்ல பெல்லட் பல துப்பாக்கிகளில் ஸ்லக்கைத் தாராளமாக ஜெயிக்கும். ஸ்லக் தருவது, காற்றை நாம் தப்பாகக் கணித்தால் அதற்கான தண்டனையில் பாதித் தள்ளுபடி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிச் சோதனைகள் வீணாகின்றன.

சோதனையில் நடக்கும் கோளாறுகள்

பெல்லட்டுக்கு டியூன் செய்து வைத்த துப்பாக்கியில், எதையும் தொடாமல், மேகசினை மட்டும் மாற்றி ஸ்லக்கைச் சுடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. 1.17 கிராம் பெல்லட்டைத் தள்ளிய அதே காற்று 1.6 கிராம் ஸ்லக்கைத் தள்ளும்போது வேகம் சரிந்துவிடும். ஸ்லக் சந்தோஷமாக இருப்பது பெரும்பாலும் விநாடிக்கு 280 முதல் 300 மீட்டர் பக்கத்தில். பெல்லட்டுக்கோ 260, 280 போதும். அதற்கு மேலே தள்ளினால் ஒலி வேகத்தை (20 டிகிரியில் 343 மீட்டர்) நெருங்கும் குளறுபடி தொடங்கி குரூப் விரியும். ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) அழுத்தமும் ஹேமர் ஸ்பிரிங்கும் (ஒரு குண்டுக்கு எவ்வளவு காற்று என்பதைத் தீர்மானிக்கும் சுருள்வில்) இரண்டுக்கும் தனித்தனியாக வைத்துச் சுட்டால்தான் நியாயம். ஸ்லக்குக்கு டியூன் செய்துவிட்டு பெல்லட்டைக் கேலி செய்வதும் இதே தப்புதான், திசை மட்டும் வேறு.

அப்புறம் அளவு. பெல்லட் டப்பாவில் 5.51, 5.52 மி.மீ. என்று தலையளவு எழுதியிருக்கும். பாவாடை விரிந்துகொடுப்பதால் ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும். ஸ்லக் 0.216-இலிருந்து 0.219 அங்குலம் வரை வருகிறது, அங்கே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே பெரிய விஷயம். இதற்கு மைக்ரோமீட்டரை நம்புவதைவிட விரலை நம்பலாம். குண்டை உள்ளே ஏற்றும் போல்ட்டைத் தள்ளும்போது பெல்லட் "ப்ளக்" என்று உட்காரும். சரியான ஸ்லக் புரிக்குள் ஏறும்போது ஒரு சீரான எதிர்ப்பு கைக்குத் தெரியும், கடைசி வரை ஒரே மாதிரி. வழுக்கிக்கொண்டு போனால் சின்னது. உள்ளங்கையால் குத்தித் தள்ள வேண்டியிருந்தால் பெரிது, ஈயம் சீவப்பட்டுத்தான் உள்ளே போகிறது. நீள ஸ்லக் சில மேகசினில் நுழையவே நுழையாது, அதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

பேரல் நுனியில் சோக் (துளை லேசாகக் குறுகும் இடம்) இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சுத்தம் செய்ய ஒரு பெல்லட்டைக் குச்சியால் தள்ளும்போது, கடைசி இரண்டு மூன்று செ.மீ.யில் இறுக்கம் கூடினால் சோக் உண்டு. பெல்லட்டுக்கு அது வரம்: எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பிடித்து அனுப்பும். ஸ்லக்கின் உடல் முழுவதும் உரசுவதால், இறுக்கமான சோக் அதைக் கடைசி நேரத்தில் பிசைந்துவிடும். உராய்வு அதிகம் என்பதால் ஈயமும் சீக்கிரம் படியும். லேசாக எண்ணெய் தொட்ட ஸ்லக், அடிக்கடி சுத்தம், இரண்டும் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் முதல் இருபது குண்டை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை, பேரல் புதிய ஈயத்துக்குப் பழகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் 50 மீட்டரில் பெல்லட் பத்தும் சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. ஸ்லக்கில் ஏழு ஒரே ஓட்டை, மூன்று மட்டும் ஊர்வலம் போயின. "பேரலுக்குப் பிடிக்கவில்லை" என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து பேரல் நுனியில் மாட்டிய சத்தக் குறைப்பானான மாடரேட்டரைக் கழற்றியபோது உள்ளே ஒரு தடுப்பின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஈயத் தீற்றல். ஸ்லக் லேசாக உரசிவிட்டுப் போயிருக்கிறது. மாடரேட்டர் இல்லாமல் சுட்டபோது பத்தும் ஒழுங்காகச் சேர்ந்தன. இரண்டு வாரம் ஊர் முழுக்க ஸ்லக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

எத்தனை குண்டு சுடுவது என்பதில்தான் நாம் நம்மையே அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம். குரூப்பின் அகலத்தை ஓரத்திலுள்ள இரண்டு குண்டுகள் மட்டுமே தீர்மானிக்கின்றன. அதனால் குண்டு கூடக் கூட குரூப் வளரும். ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, ஒரே கை: சராசரியாக ஐந்து குண்டு குரூப்பைவிட பத்து குண்டு குரூப் கால் பங்கு பெரிதாக வரும், மூன்று குண்டு குரூப் ஐந்தைவிட ஐந்தில் ஒரு பங்கு சின்னதாக வரும். ஸ்லக்கில் மூன்று, பெல்லட்டில் பத்து என்று சுட்டுவிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அதற்குப் பெயர் ஒப்பீடு அல்ல. என் பழக்கம்: இரண்டிலும் பத்துப் பத்தாக, மாற்றி மாற்றி, மூன்று சுற்று. இப்படி மாற்றினால் ஒவ்வொரு முறையும் அந்த இருபது குண்டுச் செலவு உண்டு, வேறு வழியில்லை. அகலத்தோடு, ஒவ்வொரு ஓட்டையும் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரியும் எடுப்பேன். அது பத்துக் குண்டுக்கும் ஓட்டுரிமை கொடுக்கிறது. ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் சுடக் கூடாது. மாலைக் காற்று வேறு.

குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் இல்லாமல் 75 மீட்டருக்கு மேல் சோதிப்பதில் பயனில்லை. 100 மீட்டரில் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் ஏறி இறங்கினாலே பெல்லட் சுமார் 2 செ.மீ. மேல்கீழ் போகும். தாளில் குரூப் செங்குத்தாக நீண்டிருந்தால் குண்டைத் திட்டுமுன் வேகத்தைப் பார்க்க வேண்டும். கிடையாக நீண்டிருந்தால் காற்று. கிழிந்த மாதிரி, நீள்வட்டமாக ஓட்டை விழுந்தால் ஸ்லக் தள்ளாடுகிறது என்று அர்த்தம், அந்த நீளம் அந்தப் பேரலுக்கு வேண்டாம்.

பெல்லட்டுக்கும் தூரத்தில் ஒரு நோய் உண்டு. அதன் வேகம் சீக்கிரம் குறைகிறது, சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. ஒரு கட்டத்துக்குமேல் சுழற்சி மிஞ்சிப்போய், சில பெல்லட்டுகள் திருகாணி மாதிரி சுருண்டுகொண்டு பறக்கும். 50 மீட்டரில் பொத்தானுக்குள் அடங்கியது 90 மீட்டரில் தட்டளவு விரிந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். நேரான வெளிச்சத்தில் ஸ்கோப் வழியாகவே அந்தச் சுருள் கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை பார்க்கும்போது ஸ்கோப்தான் கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

அப்படியானால் எது?

ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெல்லட். ஸ்லக்கைத் தள்ளும் வலு அதில் கிடையாது. குண்டுக்கு 16 ஜூல் அளவு ஆற்றல் மட்டும் தரும் பி.சி.பி.க்கும் (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் ஓடும் ரைஃபிள்) இதே பதில்தான்.

வலுவான பி.சி.பி., ரெகுலேட்டர் உண்டு, 50 மீட்டருக்குள்தான் சுடுவேன் என்றால் நான் பெல்லட்டிலேயே இருப்பேன். டியூன் சுலபம், பேரல் அதிகம் அழுக்காவதில்லை, ஒரு பேரலுக்குப் பிடித்த பெல்லட்டைக் கண்டுபிடிக்க மூன்று நான்கு டப்பா போதும். 75 மீட்டருக்கு மேலே, திறந்த வெளியில், காற்றோடு மல்லுக்கட்டிச் சுடுபவருக்கு ஸ்லக். அதற்கு ஏற்ற புரியும், சோக் இல்லாத அல்லது லேசான சோக் உள்ள பேரலும், நாலைந்து அளவு ஸ்லக்கை வாங்கிச் சோதிக்கும் பொறுமையும் வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஸ்லக் வேகத்தை விடாமல் வைத்திருப்பதால் பெல்லட்டைவிட வெகுதூரம் போகும், கடினமானதில் பட்டுத் தெறித்தால் இன்னும் மோசம். பெல்லட்டுக்குப் போதும் என்று வைத்த பின்தடுப்பு ஸ்லக்கைத் தாங்குமா என்பதை முதல் குண்டுக்கு முன்னாலேயே பார்க்க வேண்டும்.

50-க்கும் 75-க்கும் நடுவே எனக்கே இன்னும் தீர்மானமில்லை. காற்று படுத்த நாளில் பெல்லட் டப்பாவைத் திறக்கிறேன். மரக்கிளை ஆடும் நாளில் ஹேமர் ஸ்பிரிங்கை ஸ்லக் குறிக்குத் திருப்பி வைத்து, முதல் இருபதை மண்மேட்டுக்குக் கொடுத்துவிட்டு எண்ண ஆரம்பிக்கிறேன்.