காந்தம் ஒட்டவில்லை என்று நம்பி 54,000 ரூபாயைக் கொடுத்தேன்

எனக்கு விறகு பாய்லர் விற்ற ஆள் இன்று காலையும் போனை எடுக்கவில்லை. இதோடு பதினோரு தடவை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், வார்த்தை முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விறகு பாய்லர் வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஊட்டிக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்த்து நாலு அறை வைத்து, வருகிறவர்களைத் தங்க வைக்கிறோம். இந்த ஊரில் வெந்நீர் வராத அறைக்கு எவரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். கீசர் போட்டால் கரண்ட் பில்லுக்கே வாடகை போய்விடும். சோலார் வைக்கலாம் என்றால் மேகம் மூடினால் நாள் கணக்கில் வெயிலே இல்லை. சீகை விறகும் கற்பூர மரத்து விறகும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. அதனால் கொல்லையில் வைக்கிற மாதிரி 200 லிட்டர் விறகு பாய்லர் ஒன்று போடலாம் என்று முடிவு செய்தோம்.

பழைய பொருளும் புதுப் பொருளும் விளம்பரம் போட்டு விற்கிற ஓர் ஆப் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி ஒன்றில்தான் பார்த்தேன். பளபளவென்று ஒரு பாய்லர், பக்கத்தில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும் வீடியோ. உள்ளேயும் வெளியேயும் காந்தம் ஒட்டாத, துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல், தண்ணீர்த் தொட்டி 10 கேஜ் தகடு (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லிசு), ஐந்து வருட வாரண்டி, விலை 54,000 ரூபாய். போன் பண்ணியபோது அவ்வளவு பணிவு. "முழுக் காசும் முன்னாடியே தராதீங்கக்கா, இருபதாயிரம் போதும். மீதியைப் பொருளைப் பார்த்துட்டுத் தாங்க" என்றார். ஏமாற்றுகிறவன் இப்படிப் பேசுவானா என்று நினைத்தேன். இப்படித்தான் பேசுவான் போலிருக்கிறது.

மார்ச் முதல் வாரம் ஒரு சாயங்காலம் மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். என் மாமியார் டீயும் வர்க்கியும் கொடுத்தார். அந்த ஆள் டீயைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்து பாய்லரின் வயிற்றில் வைத்தார். நழுவிக் கீழே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார், மறுபடியும் விழுந்தது. "பாத்துக்கங்கக்கா, ஒட்டுதா? இதுதான் 304." என் மாமியார் "நல்லா இருப்பா" என்று வாழ்த்தினார். இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். தண்ணீர் நிரப்பிப் பார்க்காமலேயே மீதி 34,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். என் கையால் எண்ணிக் கொடுத்தேன், அதுதான் வயிறு எரிகிறது.

பத்தொன்பதாம் நாள் ஆரம்பித்தது. ராத்திரி குழாய் எல்லாம் மூடித்தான் படுத்தோம். காலையில் பார்த்தால் மேல் டேங்கில் முக்கால்வாசி தண்ணீரைக் காணோம். அடுப்பைத் திறந்தால் சாம்பல் இட்லி மாவு மாதிரி குழைந்து கிடக்கிறது. விறகைப் போட்டுப் பற்றவைத்தால் உள்ளே 'சொய்ங்' என்று சத்தம், நெருப்பு பிடிக்கவே இல்லை, கொல்லை முழுக்கப் புகை.

போன் பண்ணினேன். "அது லீக் இல்லக்கா, வேர்க்குது. புதுசுல அப்படித்தான் இருக்கும்." வேர்ப்பது உண்மைதான். பச்சைத் தண்ணீர் நிற்கும்போது நெருப்பு மூட்டினால் புகையில் இருக்கிற ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டுச் சொட்டும். ஆனால் தண்ணீர் சூடாகிவிட்டால் அது நின்றுவிடும். அடுப்பே மூட்டாத ராத்திரியில் எங்கிருந்து வேர்க்கும்?

நாலு நாள் கழித்து ஒரு பையனை அனுப்பினார். அவன் எம்சீலைப் பிசைந்து அடுப்புக்குள்ளே அப்பிவிட்டு, பெட்ரோலுக்கு என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். விறகு எரிகிற இடத்தில் எம்சீல்! இரண்டே நாளில் கருகிச் சாம்பலோடு சாம்பலாக உதிர்ந்தது.

அடுத்த போனில் குரலே மாறிவிட்டது. "தண்ணி இல்லாம எரிச்சிருப்பீங்க மேடம். அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது." அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். தண்ணீர் இல்லாமல் எரித்தால் வெல்டிங் விட்டுப்போகும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் என் கணவர் பைப் போடும்போதே, டேங்க் காலியானாலும் பாய்லர் தண்ணீர் பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியாகத் திரும்பி இறங்கிவிடாதபடி ரிட்டர்ன் ஆகாத வால்வு மாட்டினார். தினமும் விறகு வைப்பதற்கு முன்னால் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, காலண்டர் தாளில் ஒரு டிக் போடுவார். அந்தத் தாள்களையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

பிறகு உள்ளூர் வெல்டிங் பட்டறை அண்ணனை வரவழைத்தோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜ்ல ஒட்டுற பொம்மை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். என் பெண்ணின் பட்டாம்பூச்சிக் காந்தத்தைக் கொடுத்தேன். அடுப்புக்குள் கைவிட்டு, ஓர் இடத்தில் கரியைத் துணியால் துடைத்துவிட்டு வைத்தார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. வெளியே போர்த்தியிருப்பதுதான் ஸ்டீல். தண்ணீர் நிற்கிற தொட்டி சாதா இரும்புத் தகடு. பைப் ஏறுகிற வாய்ப் பக்கம் அளந்து பார்த்து, 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர்தான் என்றார். சொன்ன 10 கேஜ் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அடி வெல்டிங் நீளத்துக்கும் துரு. "இதுல வெல்டிங் வச்சா பக்கத்துல ஓட்டை விழும்மா, தகடு தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கூலிகூட வாங்காமல் போனார். 54,000 ரூபாய்க்கு இரும்பு டப்பா.

ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தேன். நாங்கள் விளம்பரம் போட இடம் கொடுப்பதோடு சரி, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை மூன்று தடவை அனுப்பினார்கள். அந்த விளம்பரம் காணாமல் போயிற்று. நேற்று ராத்திரி பார்க்கிறேன், வேறு பெயரில், வேறு நம்பரில், அதே வீடியோ. அதே செவலை நாய். விலை மட்டும் 58,000 ஆகியிருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். பில் எங்கே என்று கேட்டார்கள். எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் என்னிடம் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, வாரண்டி வாயால் சொன்னதோடு சரி.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தை வெளியே வைக்காதீர்கள், அடுப்புக்குள் வைத்துப் பாருங்கள். உள்ளேயும் ஒட்டவில்லை என்றாலும் 304 என்று நம்பிவிடாதீர்கள், மட்டமான 202 ரக ஸ்டீலிலும் ஒட்டாது. தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டாமல், அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். தாள் நனையாமல் இருந்தால் மட்டும் மீதிப் பணம். தகடு என்ன கேஜ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பாய்லரிலிருந்து ஆவி வெளியேறுகிற ஏர் பைப்பை மேல் டேங்கை விட உயரமாக ஏற்றுங்கள், அதில் வால்வு கீல்வு எதுவும் மாட்டாதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் கேஸ் அடுப்பில் அண்டாத் தண்ணீர் கொதித்துவிட்டது, மூன்றாம் அறைக்காரர் வாளியோடு வந்து நிற்கிறார்.