அண்டி ஆபீசுக்கு வரும் பாதுகாப்பு வகுப்பு: எதற்குக் காசு கொடுக்கலாம்?

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் பாதுகாப்பு அறிமுக வகுப்பு எடுத்துத் தர, நாகர்கோவிலிலிருந்து இரண்டு பயிற்றுநர்களை அனுப்பும் ஒரு சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். இங்கே பேச்சில் அண்டி என்றால் முந்திரிக் கொட்டை, அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை. ஒரு குழுவில் 30 பேர் வரை, 3 மணி நேரம், 7,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஸ்லைடு ஒன்றேகால் மணி நேரம், ஆலையைச் சுற்றிக் காட்டுவது 45 நிமிடம், மீதியில் தீயணைப்பும் முதலுதவியும், கடைசியில் 10 கேள்வித் தேர்வும் சான்றிதழும். அந்த 45 நிமிடத்துக்குக் கொடுத்த காசு வீணில்லை. ஸ்லைடைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சுற்றிக் காட்டும்போது பெல்ட் ஓடும் மெஷின் ஒவ்வொன்றின் முன்னும் நிறுத்துகிறார்கள். மெயின் சுவிட்சை அணைப்பது, பூட்டுவது, சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது, பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்வது என நாலு வேலையையும் வந்திருப்பவர் ஒவ்வொருவரும் செய்துகாட்ட வேண்டும். அந்தக் கடைசி அழுத்தல்தான் முக்கியம். தவறான சுவிட்சை அணைத்துவிட்டு அடைப்பெடுக்கக் கை விடுவதால்தான் விரல் போகிறது. துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் வளையல் எல்லாம் பெல்ட்டில் எப்படிச் சிக்கும் என்பதை ஓடாத மெஷினில் ஒரு பழந்துணியைக் கொடுத்து, கையால் சுற்றிக் காட்டுகிறார்கள். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அண்டியை ஆவியில் அவிக்கும் குக்கரிடம் வந்தால், ஆவியை வெளியேற்றி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மூடியைத் தொட வேண்டும், நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்று நிற்கும் இடத்தையே சாக்பீஸால் தரையில் வரைந்து விடுகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் எல்லா ஆலைகளும் உடனே காப்பியடிக்கலாம்.

ஆனால் அண்டி உடைக்கும் பிரிவில் சறுக்குகிறார்கள். புதியவர்களில் அதிகம் பேர் உட்காரப் போவது அங்கேதான். ஸ்லைடில் இருப்பது ‘பாதுகாப்புக் கவசம் அணியவும்’ என்ற ஒரே வரி. என்ன கையுறை, எத்தனை ஜோடி, எப்போது மாற்றுவது என்று ஒன்றுமில்லை. அவர்கள் கொண்டுவந்து கொடுத்ததோ பின்னல் போட்ட பருத்திக் கையுறை. அண்டியின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும் சரக்கு. பருத்தி அதை உறிஞ்சி, விரலோடு ஒட்டி நாள் முழுக்க வைத்திருக்கும். கையுறை போடாமல் இருப்பதைவிட அது மோசமாகிவிடக் கூடும். மெல்லிய நைட்ரில் கையுறை வேண்டும், கிழிந்ததும் மாற்ற ஆளுக்குக் குறைந்தது இரண்டு ஜோடி வேண்டும். தேங்காய் எண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டு உட்காருவது இங்கே பழைய வழக்கம். அதைக் கேலி செய்யாமல், தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிய பிறகு கையுறை போடச் சொல்லலாம். எண்ணெய் பட்ட கையால் கண்ணையும் முகத்தையும் துடைக்கக் கூடாது. சாப்பிடும் முன் மட்டுமல்ல, கழிப்பறைக்குப் போகும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கும் முன்பும்தான். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு.

இன்னொரு விஷயம் எந்தப் பயிற்றுநரும் வாய் திறக்காதது. கூலி கிலோ கணக்கில். கையுறை போட்டால் விரல் வேகம் குறையும், கூலியும் குறையும். அதனால் சில நாளிலேயே கையுறை மூலைக்குப் போய்விடும். முதல் வாரம் புதியவருக்கு நாள் கூலி கொடுத்தால் மட்டுமே இந்தப் பழக்கம் நிற்கும். வகுப்பில் ஆயிரம் சொன்னாலும் கூலி அதற்கு எதிராக இருந்தால் கூலிதான் ஜெயிக்கும்.

தீயணைப்புப் பாடம் பாதி நன்று. தோட்டுக் குவியல் பிடித்தால் எண்ணெயோடு எரியும், எரியும் எண்ணெயில் தண்ணீர் வீசக் கூடாது, பொடி சிலிண்டரின் முள் பச்சையில் இருக்கிறதா என்று வாரா வாரம் பார்க்க வேண்டும், மூன்று மீட்டர் தள்ளி நின்று தீயின் அடியைக் குறிவைக்க வேண்டும், வெளியேறும் வழி முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்: எல்லாம் சரியாகச் சொன்னார்கள். 6 கிலோ சிலிண்டர் அரை நிமிடம்கூட நிற்காது என்பதையும் சொன்னது நல்லது. ஆனால் ஒரே ஒரு சிலிண்டர்தான் கொண்டுவந்தார்கள். 28 பேரில் நாலு பேருக்குத்தான் அதைக் கையில் பிடிக்கக் கிடைத்தது. பதற்றத்தில் கைப்பிடியை அழுத்திக்கொண்டே பாதுகாப்புப் பின்னை (pin) இழுத்தால் அது இறுகிவிடும். அதைக் கையால் செய்து பார்த்தால்தான் புரியும். காலி சிலிண்டரிலாவது எல்லோரும் ஒருமுறை அந்தப் பின்னை இழுத்துப் பார்க்கட்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

முதலுதவியில் ஒரு பயிற்சி மிக நன்றாக இருந்தது. 108-க்குப் பேசுவதாக வைத்துக்கொண்டு, ஆலை இருக்கும் இடத்தை ஆளுக்கு ஒருமுறை உரக்கச் சொல்ல வைத்தார்கள். எந்த ஜங்ஷன், எந்த சர்ச் அல்லது கோவில், எத்தனையாவது சந்து, வழிகாட்ட ரோட்டுக்கு ஓடுவது யார். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வண்டி தேடி அலையும் நிமிடங்கள் இதனால் மிஞ்சும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு எந்த வழியாகப் போவது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

மொழிதான் பெரிய ஓட்டை. ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பயிற்றுநர்களுக்குத் தமிழும் மலையாளமும்தான். தேர்வில் கேள்வியோடு விடையையும் வாசித்ததால் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. அந்தத் தாளை ஃபைலில் வைப்பதால் யாருக்கும் பயனில்லை. தேர்வுக்குப் பதில் ‘இந்த மெஷினை நிறுத்திக் காட்டு’ என்று சொல்லிப் பார்த்தால் மொழி தெரியாவிட்டாலும் தெரிந்துவிடும். பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதியை இரண்டே நிமிடத்தில் தாண்டியதும் ஏற்க முடியாதது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்பது 2013 சட்டம். குழு உறுப்பினர்களின் பெயரையும் போன் எண்ணையும் புதியவர் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ரப்பர் ஷீட் அடிக்கும் யூனிட்டுகளுக்கும் இதே ஸ்லைடைத்தான் போடுகிறார்கள். ஃபார்மிக் ஆசிட் கலக்கும்போது ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்பதோ, ரோலரின் இடுக்குக்குள் விரல் இழுபடும் விதமோ அதில் இல்லை. ரப்பர் யூனிட் நடத்துபவர்கள் இந்த வகுப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இவர்கள் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். புதன்கிழமை சேர்ந்தவர் அடுத்த வகுப்பு வரும்வரை ஒன்றும் தெரியாமலே மெஷினில் உட்காரக் கூடாது. புதியவருக்குத் தகவலும் பயிற்சியும் கொடுப்பது ஆலை நடத்துபவரின் கடமை என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-லேயே சேர்த்தார்கள். ஆகவே சூப்பர்வைசர் ஒருவர் முதல் நாள் 40 நிமிடம் ஒதுக்கி மெஷின், குக்கர், எண்ணெய், வெளியேறும் வழி, 108 ஆகிய ஐந்தையும் நேரில் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவு செய்யும்போது ஸ்லைடைக் குறைத்து, குக்கர் ஓடும் காலை நேரத்தையே கேளுங்கள். மதியத்துக்கு மேல் வந்தால் ஆறிப்போன குக்கரைத்தான் காட்டுவார்கள்.